வீட்டுத் தோட்ட மரத்துல உட்கார்ந்திருக்கிற ஹம்மிங்பேர்டை போட்டோ எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இது பூ முன்னாடி றெக்கை அடிச்சுக்கிட்டு நிக்கிற ஹம்மிங்பேர்டை எடுக்கிறதுக்கான கைடு இல்ல, அதுக்கு ரெண்டு மூணு ப்ளாஷ், ஸ்டாண்டுன்னு தனிக் கணக்கு இருக்கு. கிளையில உட்கார்ந்து ரெஸ்ட் எடுக்கிற பறவையை மட்டும் எப்படி எடுக்கிறதுன்னு பார்க்கப் போறோம். நான் இருக்கிறது கலிபோர்னியா பே ஏரியா, இங்க வருஷம் பூரா இருக்கிறது அன்னாஸ் ஹம்மிங்பேர்டு, அதனால சீசன், வெளிச்சம் எல்லாம் அதை வச்சுத்தான் சொல்றேன். நியூஜெர்சி, வட கரோலினா பக்கம் இருக்கிறவங்களுக்கு வர்றது ரூபி த்ரோட்டட், அது ஏப்ரல் வாக்குல வந்து அக்டோபருக்குள்ள தெற்க போயிடும், சீசன் பத்தி சொல்றதை மட்டும் மாத்திக்கோங்க, மத்தபடி முறை ஒண்ணுதான்.

புதுசா ஆரம்பிக்கிற ப்ரெண்ட்ஸ் பல பேர் கூட உட்கார்ந்து பார்த்ததுல, கிட்டத்தட்ட எல்லாரும் தலைகீழாத்தான் போறாங்க. முதல்ல லென்ஸ் வாங்குறாங்க, அப்புறம் செட்டிங் தேடுறாங்க, அப்புறம் பறவை பின்னாடி தோட்டம் பூரா ஓடுறாங்க. சரியான வரிசை என்னன்னா கிளை, வெளிச்சம், பின்னணி, நீங்க உட்கார்ற இடம், கடைசியா கேமரா. கீழ இருக்கிற நம்பர் வரிசையை மாத்தாதீங்க, ஒவ்வொரு ஸ்டெப்பும் முந்தின ஸ்டெப்பை நம்பித்தான் நிக்குது.

1. ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பண்ண வேண்டியது

பறவை உங்க தோட்டத்தைத் தன் ஏரியான்னு நினைக்கணும். அதுக்கு சாப்பாடு வேணும். ஒரு பீடர், அதாவது சர்க்கரைத் தண்ணி ஊத்தித் தொங்க விடுற குடுவை, மாட்டுங்க, ஒண்ணே ஒண்ணு போதும். நிறைய மாட்டினா நிறைய பறவை வரும், ஆனா நமக்குத் தேவை அது இல்ல. ஒரே ஒரு பீடர் இருந்தா ஒரு ஆண் பறவை அதைத் தன் சொத்தா எடுத்துக்கிட்டு பக்கத்து மரத்துல உட்கார்ந்து காவல் காக்கும், வேற எது வந்தாலும் துரத்திட்டு திரும்ப அதே இடத்துக்கு வந்து உட்காரும். நாம எடுக்கப் போறது அந்தக் காவல்காரரைத்தான்.

உள்ள ஊத்துறது 1 கப் வெள்ளைச் சர்க்கரைக்கு 4 கப் தண்ணி, அவ்வளவுதான். சிவப்பு கலர் சேர்க்க வேண்டாம், பீடரோட சிவப்பே போதும். நம்ம வீடுகள்ல நல்லதுன்னு நினைச்சு நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் போடுறதைப் பார்த்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, ஆர்கானிக் பழுப்புச் சர்க்கரை இதுல எல்லாம் இரும்புச் சத்து இருக்கு, நமக்கு நல்லது, இதுக்கு ஆகாது. தேன்ல தண்ணி கலந்தா சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்துல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்திட்டு, பீடரை வெந்நீர்ல பிரஷ் போட்டு கழுவணும், உள்ள கருப்பா புள்ளி தெரிஞ்சா வினிகர் ஊத்தி ஊற வச்சுக் கழுவுங்க. இதுக்கு நேரம் இல்லன்னா பீடரே வேண்டாம், சால்வியா, பூஷியா, மெக்சிகன் சேஜ் மாதிரி செடி வச்சிடுங்க, அதுவும் நல்லாவே இழுக்கும்.

பீடர் மாட்டுற இடம் ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள்ள இருக்கணும், இல்லன்னா பத்து மீட்டர் தள்ளி இருக்கணும். நடுவுல மாட்டினா கண்ணாடியில மரத்தோட நிழல் தெரிஞ்சு வேகமா வந்து மோதும், 4 கிராம் எடை இருக்கிற பறவை அந்த அடியைத் தாங்காது.

2. அது வழக்கமா உட்கார்ற கிளையைக் கண்டுபிடிக்கிறது

இந்த ஸ்டெப்புக்கு கேமராவை வீட்டுக்குள்ளயே வச்சிட்டு வாங்க. காபியோட சேர் போட்டு உட்காருங்க, பைனாகுலர் இருந்தா நல்லது. கையில கேமரா இருந்தா கை சும்மா இருக்காது, பறவையைப் பார்க்கிறதை விட்டுட்டு எடுக்க ஆரம்பிச்சிடுவோம்.

ஹம்மிங்பேர்டு எப்பவும் பறந்துக்கிட்டே இருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில பகல்ல பெரும்பாலான நேரம் அது உட்கார்ந்துதான் இருக்கு, பறக்கிறதுக்கு அவ்வளவு எனர்ஜி செலவாகுது, ரெஸ்ட் எடுத்தே ஆகணும். உட்கார்றப்ப சும்மா எங்கயும் உட்காராது. பீடரும் பூவும் கண்ணுக்குத் தெரியிற, இலை மறைக்காத, பென்சில் முனையை விடக் கொஞ்சம் தடிமனான காஞ்ச குச்சியோட நுனிதான் அதுக்குப் பிடிச்ச இடம். கால் ரொம்பச் சின்னது, நடக்கவோ தத்தவோ வராது, குச்சி மேல பக்கவாட்டுல நகரத்தான் முடியும், அதனால தடிமனான கிளை அதுக்கு வசதிப்படாது.

எங்க தேடுறதுன்னா பீடர்ல இருந்து 3 மீட்டர்ல ஆரம்பிச்சு 10 மீட்டர் வரைக்கும் இருக்கிற மரங்களோட ஓரத்தை மட்டும் பாருங்க, நடுவுல இலைக்குள்ள தேடி டயத்தை வேஸ்ட் பண்ணாதீங்க. காதையும் யூஸ் பண்ணுங்க. அன்னாஸ் ஆண் பறவை உட்கார்ந்த இடத்துலயே பாடும், பாட்டுன்னு சொல்ல முடியாது, துருப்பிடிச்ச கம்பியைத் தேய்க்கிற மாதிரி கரகரன்னு ஒரு சத்தம், நடுநடுவுல ‘ட்சிக் ட்சிக்’னு வெட்டி வெட்டிக் கூப்பிடும். பழகாத காதுக்கு பூச்சி சத்தம்னு தோணும். சந்தேகமா இருந்தா கார்னெல் பல்கலைக்கழகத்தோட மெர்லின் ஆப்ல சத்தத்தை வச்சு கண்டுபிடிக்கிற வசதி இருக்கு, ஆன் பண்ணி வச்சுக்கோங்க.

ஒரு தடவை உட்கார்ந்த கிளையை நம்பாதீங்க. துரத்திட்டுப் போய் திரும்ப அதே குச்சிக்கு வருதான்னு பாருங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு குச்சி தெரியவரும், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு கூட மாறும். போன்ல மரத்தைப் படம் எடுத்து அந்தக் குச்சிகளை வட்டம் போட்டு, எந்த நேரத்துல வந்துச்சுன்னு எழுதி வச்சுக்கோங்க. மறுநாள் வந்து பார்த்தா எல்லாக் குச்சியும் ஒரே மாதிரி தெரியும், அதான் காரணம்.

சீசன் பத்தி ஒரு வார்த்தை. பே ஏரியால டிசம்பர் முதல் மார்ச் வரைக்கும்தான் எனக்குப் பிடிச்ச மாசங்கள். மாதுளை, அத்தி, பெர்சிமன், க்ரேப் மிர்ட்டில் எல்லாம் இலை உதிர்ந்து நிக்கும், குச்சி தெளிவா தெரியும். கோடையில இருந்து இலையுதிர் காலம் வரைக்கும் அன்னாஸ் இறகு மாத்துறதால ஆண் பறவையோட தொண்டையில ஓட்டை ஓட்டையா இருக்கும், டிசம்பர்ல புது இறகோட பளிச்சுன்னு இருக்கும், ஜோடி சேர்ற காலமும் அப்பதான் ஆரம்பிக்கிறதால தன் குச்சியை விட்டு நகரவே மாட்டார்.

3. அந்தக் கிளைக்கு எப்ப எந்தப் பக்கம் இருந்து வெயில் வருதுன்னு பார்க்கிறது

ஹம்மிங்பேர்டு போட்டோல பாதி விஷயம் இதுலதான் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஆண் அன்னாஸோட தலையும் தொண்டையும் ரோஸ் கலந்த சிவப்புல எரியும்னு நமக்குத் தெரியும், ஆனா எடுத்த படத்துல கருப்பா இருக்கும். கேமரா பழுதுன்னு நினைச்சு செட்டிங்கை மாத்திக்கிட்டே இருக்கிறவங்க நிறைய. அந்த இறகுல சிவப்புச் சாயம்னு எதுவுமே கிடையாது. இறகுக்குள்ள அடுக்கடுக்கா இருக்கிற ரொம்ப நுண்ணிய தட்டுகள் வெளிச்சத்துல சிவப்பை மட்டும் ஒரு குறிப்பிட்ட திசையில திருப்பி அனுப்புது. அந்தத் திசையில உங்க லென்ஸ் இருந்தா கலர், இல்லன்னா கருப்பு. செட்டிங்கால இதை மாத்தவே முடியாது.

அதனால சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், பறவை உங்களைப் பார்த்த மாதிரி இருக்கணும். உங்க நிழல் கிளையை நோக்கி விழுதான்னு பாருங்க, விழுந்தா நிக்கிற இடம் சரி. சூரியன் தாழ்வா இருக்கணும், உச்சி வெயில்ல வெளிச்சம் மேல இருந்து விழுறதால தொண்டை நிழலுக்குள்ள போயிடும். ஜூன்ல காலையில ஒரு ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும். சான் ஹோசேல டிசம்பர்ல நடு மதியத்துல கூட சூரியன் 31 டிகிரிக்கு மேல ஏறாது, அதனால பகல் பூரா எடுக்கலாம், குளிர்காலம் பிடிக்கும்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மேகமூட்டமான நாளை விட்டுடாதீங்க. தொண்டை அந்த அளவுக்கு எரியாது, ஆனா முதுகோட பச்சை, ஒவ்வொரு இறகோட ஓரம், கண்ணு எல்லாம் அழகா வரும். பெண் பறவைக்கு மேகமூட்டம்தான் பெஸ்ட்னு சொல்வேன். அதுக்கு தொண்டையில நடுவுல சின்னதா ஒரு சிவப்புத் திட்டு மட்டும் இருக்கும், மீதி சாம்பலும் பச்சையும், கடும் வெயில்ல அந்த மென்மை எல்லாம் போயிடும்.

ப்ளாஷ் வேண்டாம். உட்கார்ந்திருக்கிற பறவைக்குத் தேவையே இல்ல, கண்ணுல வெள்ளையா ஒரு செயற்கைப் புள்ளி வேற விழும்.

4. பின்னணியை பறவை வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்றது

பறவை வந்த பிறகு பின்னணியைப் பார்க்க யாராலயும் முடியாது, கண்ணு பறவை மேலதான் இருக்கும். அதனால காலிக் கிளையை லென்ஸ் வழியா பாருங்க. கிளைக்குப் பின்னாடி குறைஞ்சது 3 மீட்டர் காலி இடம் இருந்தா பின்னணி குழைஞ்சு போய் ஒரே கலரா வரும். வேலி ஒட்டின மரமா இருந்தா வேலிப் பலகையோட கோடு எல்லாம் தெரியும், அப்ப அந்தக் கிளையை விட்டுட்டு லிஸ்ட்ல இருக்கிற அடுத்த கிளைக்குப் போங்க.

வலது பக்கம் அரை அடி நகர்ந்தாலே பின்னணி மொத்தமா மாறும், தூரத்துல இருக்கிறதைக் கிட்ட காட்டுற டெலி லென்ஸோட குணம் அது. பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவர், சோலார் பேனல், எலக்ட்ரிக் வயர் இதெல்லாம் தெரியுதான்னு பார்த்து, அடர் பச்சை இலை பின்னாடி வர்ற மாதிரி நில்லுங்க. வெறும் வானம் பின்னணியா வந்தா பறவை இருட்டாயிடும், அதை எக்ஸ்போஷர் கூட்டிச் சரி பண்ணலாம், ஆனாலும் வெளிறின வானத்துல ஒரு குருவின்னு தட்டையாத்தான் இருக்கும்.

முன்னாடி குறுக்க வர்ற குச்சி இருந்தா வெட்ட வேண்டாம், தோட்டத்துக் கயிறால ஓரமா இழுத்துக் கட்டுங்க, வேலை முடிஞ்சதும் அவிழ்த்துடுங்க. வெட்டித் திறந்து விட்ட மரத்துல காக்கா, அதோட இனத்துப் பறவையான ஜே கண்ணுக்கு எல்லாம் தெரிய ஆரம்பிச்சிடும், அப்புறம் உங்க ஹம்மிங்பேர்டு அங்க நிம்மதியா உட்காராது.

5. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம்

ஹம்மிங்பேர்டு சின்னதுங்கிறது எல்லாருக்கும் தெரியும், எவ்வளவு சின்னதுங்கிறது லென்ஸ் வழியா பார்க்கிறப்பதான் உறைக்கும். அலகு முதல் வால் வரைக்கும் 10 சென்டிமீட்டர்தான். புல் ப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுல 600 மிமீ லென்ஸ் வச்சு 4 மீட்டர்ல எடுத்தா ப்ரேம் உயரத்துல மூணுல ரெண்டு பங்கு வரும், அதே லென்ஸ்ல 10 மீட்டர்ல எடுத்தா கால் பங்குதான். அதை விடச் சின்னதான க்ராப் சென்சார்ல 400 மிமீ வச்சா 5 மீட்டர்ல பாதி ப்ரேம் கிடைக்கும். ஆக 4 முதல் 6 மீட்டர் உங்க டார்கெட்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, லென்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க. ஒவ்வொரு லென்ஸுக்கும் இதை விடக் கிட்ட போக முடியாதுன்னு ஒரு தூரம் உண்டு. சோனி 200-600க்கு 2.4 மீட்டர், சிக்மா 150-600 கன்டெம்பரரிக்கு 2.8 மீட்டர், டாம்ரான் 150-600 ஜி2வுக்கு 2.2 மீட்டர். கேனான் ஆர்எஃப் 100-400 ஒரு மீட்டருக்கும் குறைவா போகும், விலையும் கம்மி, எடையும் கம்மி, நல்ல வெயில்ல எடுக்கிறவங்களுக்கு தாராளமா போதும். நிக்கான் பி950 மாதிரி லென்ஸ் மாத்த முடியாத ப்ரிட்ஜ் கேமரா வச்சிருக்கிறவங்களும் இதே முறையில போகலாம், உட்கார்ந்த பறவை ஆச்சே, வெளிச்சம் மட்டும் நல்லா இருக்கணும். லென்ஸ்ல போகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் ‘10 மீட்டர் முதல்’னு எதாவது இருக்கான்னு பாருங்க, அது தூரத்துப் பக்கம் மாட்டிக்கிட்டு போகஸ் ஆகலைன்னு அலையறவங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

உயரம் தூரத்தை விட முக்கியம். கிளை 5 மீட்டர் உயரத்துல, கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்துல, நீங்க 5 மீட்டர் தள்ளின்னு வச்சுக்கோங்க, 35 டிகிரி அண்ணாந்து எடுக்கணும், வயிறும் வாலும்தான் தெரியும். அதே கிளையை 12 மீட்டர் தள்ளி நின்னா 16 டிகிரிதான், பறவை சின்னதா வரும் ஆனா பார்க்கிற மாதிரி இருக்கும். மாடி ஜன்னல், டெக், பின்பக்கப் படிக்கட்டு இதுல எதாவது கிளை உயரத்துக்கு வருதான்னு பாருங்க. ரெண்டு கிளையில எதுன்னு குழப்பமா இருந்தா தாழ்வா இருக்கிறதை எடுத்துக்கோங்க.

ஜன்னல் வழியா எடுக்கிறவங்க கண்ணாடியையும் கொசுவலையையும் திறந்துடுங்க, டபுள் கண்ணாடி வழியா ஷார்ப்பா வராது. குளிர்காலத்துல இன்னொரு விஷயம் நிறைய பேருக்குப் புரியறதில்ல, ஹீட்டர் ஓடுற வீட்டு ஜன்னலைத் திறந்தா உள்ள இருக்கிற சூடான காத்து வெளிய போகுது பாருங்க, அந்தக் கலங்கல் லென்ஸ் முன்னாடியே நடக்கிறதால எந்த லென்ஸ் வச்சாலும் படம் மெத்து மெத்துன்னுதான் வரும். ஹீட்டரை அணைச்சிட்டு, ரூம் கதவைச் சாத்திட்டு, ரூம் வெளிய இருக்கிற குளிருக்கு வர்ற வரைக்கும் காத்திருங்க. வெயில்ல காஞ்ச கான்கிரீட் தரைக்கு மேல எடுத்தாலும் இதே பிரச்னைதான்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேலியைத் தாண்டி அவங்க வீட்டுப் பக்கம் அவ்வளவு பெரிய லென்ஸ் திரும்பியிருந்தா யாருக்கும் சங்கடமாத்தான் இருக்கும், சொல்லிட்டா அவங்களே எந்த மரத்துல உட்காருதுன்னு வந்து சொல்வாங்க.

6. கேமரா செட்டிங்

இப்பதான் கேமரா. ட்ரைபாடை போட்டு லென்ஸை கிளை நுனிக்கு நேரா வச்சிடுங்க, ட்ரைபாடோட தலையை முழுசா இறுக்காதீங்க, லேசா நகர்ற மாதிரி இருக்கட்டும். பறவை வந்ததும் கேமராவைத் தூக்குற அசைவு இருக்கே, அதுக்குத்தான் அது பறக்குது, லென்ஸ் ஏற்கனவே அங்க இருந்தா விரலை அசைச்சாப் போதும்.

மேனுவல் மோடு, ஆட்டோ ஐஎஸ்ஓ, அதாவது ஷட்டரையும் அபெர்ச்சரையும் நீங்க வைக்கணும், ஐஎஸ்ஓங்கிற வெளிச்ச உணர்திறனை கேமரா பார்த்துக்கும். ஷட்டர் வேகம் 1/800 செகண்டுல ஆரம்பிங்க. ஹம்மிங்பேர்டுன்னாலே 1/4000னு வச்சிட்டு ஐஎஸ்ஓ 12800 போயிட்டு படம் பூரா மணல் மாதிரி இருக்குன்னு வருத்தப்படுறவங்க ஜாஸ்தி. றெக்கை அசையாதப்ப அந்த வேகம் எதுக்கு? தலையைத் திருப்புறது மட்டும்தான் வேகமா நடக்கும், அதுக்கு 1/800 போதும். நிழல்ல 1/320 வரைக்கும் கூட இறங்கலாம், பத்து ப்ரேம் அடிச்சா அதுல தலை அசையாதது ரெண்டு மூணாவது இருக்கும். சோம்பல் முறிக்கிறதை எடுக்கணும்னா மட்டும் 1/1600க்கு ஏத்துங்க.

அபெர்ச்சர், அதாவது லென்ஸோட திறப்பு, எஃப் 6.3 முதல் எஃப் 8 வரைக்கும். 600 மிமீ, 4 மீட்டர், எஃப் 6.3ல ஷார்ப்பா வர்ற ஆழம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு, அலகு நீளம் கூட கிடையாது. பறவை பக்கவாட்டுல உட்கார்ந்திருந்தா கண்ணும் அலகும் ஒரே தூரத்துல இருக்கும், பிரச்னையில்ல. உங்களை நேரா பார்த்தா கண்ணு ஷார்ப்பா அலகு நுனி குழைஞ்சுதான் வரும், அது பரவாயில்ல, கண்ணை மட்டும் விட்டுடாதீங்க.

எக்ஸ்போஷரை மீட்டரை நம்பி விடாதீங்க. பின்னாடி வானம் இருந்தா எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற செட்டிங்) ப்ளஸ் 1 முதல் ப்ளஸ் 1.7 வரைக்கும். வெயில்ல தொண்டை எரியறப்ப மைனஸ் 0.3 முதல் மைனஸ் 0.7, ஏன்னா அந்த நேரத்துல சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டிப் போய் இறகோட டீடெய்ல் பூரா அழிஞ்சு ஒரே பெயின்ட் பூசின மாதிரி ஆயிடும். வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடமான சாதாரண ஹிஸ்டோகிராம்ல இது தெரியாது, மூணு கலரையும் தனித்தனியா காட்டுறதை ஆன் பண்ணி சிவப்பு வலது ஓரத்துல முட்டுதான்னு பாருங்க. பைல் ரா பார்மட்ல, அதாவது கேமரா பதப்படுத்தாத அசல் பைலா, இருக்கட்டும்.

7. போகஸ்

கிளை நுனியில ஒரு போகஸை முன்னாடியே போட்டு வச்சிடுங்க. அப்படி வச்சா பறவை வந்து உட்கார்ந்ததும் கேமரா கிட்டத்தட்ட சரியான தூரத்துலயே இருக்கும், ஒரு சின்ன அசைவுல பிடிச்சிடும். இல்லன்னா பின்னாடி இலைக்குப் போய் முன்னாடி வந்து தேடிக்கிட்டிருக்கிற நேரத்துல பறவை கிளம்பிடும்.

புது மிரர்லெஸ் கேமராவுல பறவைக் கண்ணைக் கண்டுபிடிக்கிற வசதி அருமையா வேலை செய்யும், ஆனா குச்சிகள் நடுவுல அது குழம்பும், அப்ப சின்ன ஒத்தைப் பாயின்ட்டுக்கு மாறிக் கண்ணு மேல வச்சிடுங்க. இந்த மாத்தலை ஒரு பட்டன்ல போட்டு வச்சுக்கிட்டா மெனுவுக்குள்ள போக வேண்டியதில்ல. பழைய டிஎஸ்எல்ஆர்னா எப்பவுமே ஒத்தைப் பாயின்ட்தான். பெரிய ஏரியா போகஸ் போட்டா எது கிட்ட இருக்கோ அந்தக் குச்சியைத்தான் பிடிக்கும்.

சைலன்ட் ஷட்டர் இருந்தா போடுங்க. உட்கார்ந்த பறவைக்கு அதனால படம் கோணுறது இருக்காது. பறவைக்கு ஷட்டர் சத்தம் சீக்கிரம் பழகிடும்னாலும், முதல் சில நாள் சத்தமில்லாம இருக்கிறது நல்லது.

8. காத்திருக்கிறதும், எப்ப அமுக்கணும்ங்கிறதும்

வெளிய வந்து உட்கார்ந்த உடனே அது வராது. நீங்க அங்கயே, அதே சேர்ல, பெரிய அசைவு இல்லாம இருக்கிறதைப் பார்த்துப் பழகணும். முதல் நாளே 4 மீட்டர்ல போய் உட்காராதீங்க, 8 மீட்டர்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு நாளும் சேரைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகர்த்துங்க. அது உங்களைப் பார்த்து உடம்பை ஒல்லியாக்கி, கழுத்தை நீட்டி, அங்க இங்கன்னு திரும்பினா நீங்க கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம், அப்படியே நில்லுங்க. இறகைப் புசுபுசுன்னு விட்டு உட்கார்ந்தா அது நிம்மதியா இருக்கு.

உட்கார்ந்த உடனே ஐம்பது ப்ரேம் அடிச்சா ஐம்பதும் ஒரே படம். கொஞ்சம் கவனிங்க, அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. குடிச்சிட்டு வந்து உட்கார்ந்ததும் அலகைக் குச்சியில ரெண்டு பக்கமும் தேய்க்கும், நாக்கை வெளிய நீட்டி உள்ள இழுக்கும், நூல் மாதிரி தெரியும், அது ஒரு நல்ல தருணம். அப்புறம் இறகு கோதும். நீண்ட நேரம் உட்கார்ந்த பிறகு ரெண்டு றெக்கையையும் பின்னாடி தூக்கி, வாலை விரிச்சு, சோம்பல் முறிக்கும், இதைத்தான் எல்லாரும் மிஸ் பண்றாங்க, ஏன்னா அந்த நேரத்துல எடுத்த படத்தை ஸ்க்ரீன்ல பார்த்துக்கிட்டு இருப்பாங்க. பறவை கிளையில இருக்கிற வரைக்கும் ஸ்க்ரீனைப் பார்க்கவே பார்க்காதீங்க. வாலைத் தூக்கி எச்சம் போட்டுச்சுன்னா அடுத்து கிளம்பப் போகுது, விரலைத் தயாரா வைங்க.

தொண்டை கலருக்கு தலை திரும்புறதைப் பின்தொடருங்க. காவல் காக்கிறதால இடது, வலதுன்னு தலை ஓயாம திரும்பும், உங்க பக்கம் வர்ற அந்த ஒரு கணத்துல பளீர்னு எரிஞ்சு அணைஞ்சிடும். தலை உங்களை நோக்கித் திரும்ப ஆரம்பிக்கிறப்பவே அமுக்கி நாலஞ்சு ப்ரேம் ஓட விடுங்க, எரிஞ்ச பிறகு அமுக்கினா லேட்.

போன்ல பறவைச் சத்தம் போட்டு வர வைக்கிறது வேண்டவே வேண்டாம். போட்டி ஆண் வந்திருக்குன்னு நினைச்சு அது சண்டைக்கு அலையும், சாப்பிடுற நேரம் போகும். அவ்வளவு சின்ன உடம்புக்கு அது பெரிய நஷ்டம்.

9. தோதான கிளையே இல்லன்னா

புது வீடு, மரமே இல்ல, இருக்கிற எலுமிச்சையும் தொட்டியில வச்ச கறிவேப்பிலையும்தான்னு நிறைய பேர் சொல்வாங்க. பரவாயில்ல, கிளையை நாமளே வைக்கலாம். மூணு நாலு மில்லிமீட்டர் தடிமன்ல, மேல பாசி படிஞ்ச மாதிரி அழகான காஞ்ச குச்சியா பார்த்து, லைட் ஸ்டாண்ட்லயோ மூங்கில் கம்புலயோ கிளிப் போட்டு, பீடர்ல இருந்து ஒரு மூணு நாலு மீட்டர் தள்ளி, உங்க கண் உயரத்துல நிறுத்துங்க. சுத்துவட்டாரத்துல அதுதான் தனியா நீட்டிக்கிட்டு நிக்கணும், இலைக்குள்ள செருகினா பறவை அதைக் கண்டுக்காது.

வெளிச்சமும் பின்னணியும் நீங்க முடிவு பண்றதால 3, 4, 5 எல்லாம் இங்க சுலபம். ஆனா வச்ச அன்னிக்கே கேமராவோட உட்காராதீங்க, அது அந்தக் குச்சியை ஏத்துக்க சில நாள் ஆகலாம். அசையாம இருக்கணும்ங்கிறது முக்கியம், காத்துல ஆடுற குச்சியில ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துட்டு திரும்ப வராது.

10. எடுக்காம விட வேண்டிய நேரம்

ரெண்டு சூழ்நிலை. முதல்ல, குளிர்ந்த காலை நேரம். ராத்திரி குளிருக்கு ஹம்மிங்பேர்டு உடம்புச் சூட்டையும் இதயத் துடிப்பையும் ரொம்பக் குறைச்சுக்கிட்டு மயக்கம் மாதிரி ஒரு நிலைக்குப் போகும், டார்ப்பர்னு சொல்வாங்க. விடியிறப்ப உருண்டையா புசுபுசுன்னு, கண்ணை மூடி, அலகை மேல தூக்கி வச்சுக்கிட்டு அசையாம இருக்கும். முழிச்சு வர இருபது நிமிஷத்துக்கு மேல கூட ஆகும். அசையலையேன்னு கிட்ட போய் எடுக்கிற ஆசை வரும். போகாதீங்க, எழுந்து முதல் தடவை குடிச்சிட்டு வர்ற வரைக்கும் தள்ளியே இருங்க.

ரெண்டாவது, கூடு. பெண் பறவை அலகுல சிலந்தி வலை நூலோ பஞ்சோ தூக்கிக்கிட்டு ஒரே இடத்துக்குப் போகுதுன்னா அங்க கூடு கட்டுது. அன்னாஸ் டிசம்பர்லயே ஆரம்பிச்சிடும். வால்நட் அளவுதான் கூடு, ரெண்டு முட்டை, அடைகாக்கிறது, ஊட்டுறது எல்லாமே அம்மா மட்டும்தான், நீங்க கிட்ட நின்னதால அது கூட்டுக்கு வராம இருந்தா அந்த நேரத்துக்கு முட்டையைச் சூடா வச்சுக்க வேற ஆள் கிடையாது. இலையை ஒதுக்கிக் கட்டுறது, கிளையை வளைக்கிறது எதுவும் பண்ணாதீங்க, அந்த இலைதான் வெயிலுக்கும் ஜே பறவைக்கும் மறைப்பு. அமெரிக்காவுல 1918ல வந்த இடம்பெயர் பறவைகள் சட்டப்படி முட்டையோ குஞ்சோ இருக்கிற கூட்டைக் கலைக்கிறது குற்றமும் கூட. அந்த மரத்தை விட்டுட்டு வேற பக்கம் இருக்கிற குச்சியில கவனம் வைங்க, தோட்டக்காரர் மரம் வெட்ட வர்ற நாள் எதுன்னும் பார்த்து அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

11. கம்ப்யூட்டர்ல

முதல்ல தேர்ந்தெடுக்கிறது. 100 பர்சன்ட்ல கண்ணை மட்டும் பாருங்க, கண்ணுல வெளிச்சப் புள்ளி இருக்கா, கண்ணோரத்து சின்ன இறகு தனித்தனியா தெரியுதா? இல்லன்னா அந்தப் படம் எவ்வளவு அழகான போஸா இருந்தாலும் தூக்கிடுங்க. இதை முதல்ல பண்ணலைன்னா ஷார்ப் இல்லாத படத்துல மணிக்கணக்கா வேலை பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

அடுத்து நாய்ஸ், அதாவது மணல் மாதிரி தெரியிற புள்ளிகளை, குறைக்கிறது, அதுக்கப்புறம்தான் க்ராப், கலர், ஷார்ப்னெஸ். ஷார்ப்னெஸை முதல்ல போட்டா நாய்ஸும் சேர்ந்து ஷார்ப்பாகும். க்ராப் பண்றப்ப அலகு பார்க்கிற பக்கம் இடம் விடுங்க, குச்சியை ஒட்டி வெட்டாம கொஞ்சம் நீளமா வைங்க.

சிவப்புலதான் கை நிதானமா இருக்கணும். ஏற்கனவே அது எல்லையில இருக்கு, சாச்சுரேஷனைத் தொடாதீங்க. மொத்தப் படத்தையும் பிரகாசமாக்கணும்னா தொண்டையை மட்டும் மாஸ்க் போட்டு தனியா எடுத்து ஹைலைட்டைக் குறைச்சிட்டு மீதியைக் கூட்டுங்க, அப்பதான் ஒவ்வொரு இறகோட ஓரமும் செதில் மாதிரி தனித்தனியா தெரியும். பக்கத்துல பச்சை இலை பின்னணி இருந்தா பச்சையோட அடர்த்தியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, சிவப்பைத் தொடாமலே அது மேல வந்து நிக்கும்.